எலி மூளையில் ஒளிர்வது நினைவாற்றலா?

"நிகோடின் நினைவாற்றலைக் கூட்டுமாமே, எலி மூளையைப் படமே எடுத்துக் காட்டிவிட்டார்களாமே?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். படம் எடுத்தது உண்மைதான். அதில் தெரிவது நினைவாற்றல் அல்ல, நிகோடினிக் ஏற்பிகள்; அதாவது நிகோடின் பற்றிக்கொள்ளும் உயிரணுப் புரதங்கள்.

ஏற்பி என்ற கருத்துக்கே நிகோடின்தான் வழிவிட்டது. தசையில் அது செயல்படும் விதத்தைப் பார்த்துத்தான் 1905இல் உடலியலாளர் லாங்லி அப்படியொரு பொருள் இருக்க வேண்டும் என்றார். என்னைக் கிறங்கடிப்பது 1957இல் காட்ஸ், தெஸ்லெஃப் என்ற ஆய்வாளர்கள் தவளைத் தசையில் அளந்த விஷயம்: இந்த ஏற்பியை இயல்பாகத் திறக்கும் நரம்புச் செய்தி வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைத் தொடர்ந்து கொடுத்தால், ஏற்பி திறப்பதை நிறுத்திக்கொள்கிறது.

ஏற்பியை ரயில்வே டிக்கெட் கவுன்டராக நினைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டினால் ஜன்னல் திறக்கும், டிக்கெட் வரும். எடுக்காமல் கையை அப்படியே வைத்திருந்தால் ஜன்னல் மூடிக்கொள்ளும், அதுவும் கையை இறுகப் பிடித்தபடி. அசிட்டைல்கோலினின் கையை ஒரு நொதி உடனுக்குடன் வெட்டிவிடும். நிகோடினின் கையை அந்த நொதியால் தொட முடியாது. ஆகவே மூடிய ஜன்னல்கள் பெருகுகின்றன. பல நாள் நிகோடின் கொடுத்த எலிகளின் மூளையில் கவுன்டர்களின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. அவற்றில் எத்தனை டிக்கெட் கொடுக்கின்றன என்பது வேறு கணக்கு.

வாசகர் சொன்ன படத்தை எடுக்கும் பெட் ஸ்கேன், அதாவது கதிரியக்க மருந்தைச் செலுத்தி அது படியும் இடத்தைக் காட்டும் முறை, எண்ணுவது மாட்டிக்கொண்ட கைகளைத்தான். கதிரியக்கக் கார்பன் ஏற்றிய நிகோடினை முதலில் முயன்றார்கள். அது மூளையெங்கும் பரவி, சில நிமிடங்களில் வெளியேறிவிட்டது. பிறகு வந்தது ஃப்ளூரின்-18 ஏற்றிய ஏ-85380 என்ற சேர்மம். ஆல்ஃபா-4 பீட்டா-2 வகை ஏற்பியை இது விடாப்பிடியாகப் பற்றும். அந்தப் பிடி, ஏற்பி மூடிக்கிடக்கும் நிலையில்தான் மிக இறுக்கம். அதாவது படத்தில் ஒளி கூடினால் ஏற்பிகள் அங்கே அதிகம் என்று சொல்லலாம். மும்முரமாக வேலை செய்கின்றன என்று சொல்ல முடியாது. பளிச்சென்று ஒளிர்வதும் தலமஸ் என்ற மூளைப் பகுதிதான். நினைவுக்குப் பேர்போன ஹிப்போகேம்பஸ் இந்தப் படத்தில் மங்கலாகவே இருக்கும். அங்கே மிகுதியாக உள்ள ஆல்ஃபா-7 வகையைப் பார்க்க வேறு மருந்து வேண்டும்.

கற்றலோடு தொடர்பே இல்லையா? இருக்கிறது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிச்சியோட்டோ, ஷான்ழே குழுவினர், ஆல்ஃபா-4 பீட்டா-2 ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா-2 மரபணு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இருட்டறைக்குள் போனால் காலில் லேசான ஷாக். மறுநாள் வெளிச்சத்தில் விட்டால், எவ்வளவு நேரம் தயங்கி நிற்கிறது என்று பார்ப்பார்கள். சாதாரண எலிக்குச் சிறிதளவு நிகோடின் கொடுத்தால் தயக்கம் நீண்டது. பீட்டா-2 இல்லாத எலியிடம் மருந்து பலிக்கவில்லை. அதன் மூளைச் சீவல்களிலும் நிகோடின் இறுகப் பற்றும் இடங்கள் மறைந்திருந்தன. அழகான சான்று இது. ஆனால் நிகோடினே கொடுக்காதபோது, அந்த ஏற்பி இல்லாத எலிகள்தான் சாதாரண எலிகளைவிட அதிகம் தயங்கின! 'ஏற்பி கூடினால் நினைவு கூடும்' என்று நேர்க்கோடு போடுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், ஸ்கேனருக்குள் எலி அசையாமல் கிடக்க ஐசோஃப்ளூரேன் தருகிறார்கள். அந்த மயக்க மருந்தே இந்த ஏற்பிகளை அடக்கக்கூடியது. அதனால், எலி விழித்திருக்கும்போதே கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது மூளையில் படிந்த பிறகு மயக்கிப் படமெடுக்கும் முறையும் உண்டு.