கடல் கடந்த செவிலியர் கல்வி

போர்க்களத்தில் காயமுற்றோரைப் பேணும் பணியை இஸ்லாமிய வரலாறு ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரோடு இணைத்துப் போற்றுகிறது. ஹிஜ்ரி 5 ஆம் ஆண்டு அகழ்ப்போரில் அம்புக் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, பள்ளிவாசலிலிருந்த ருஃபைதாவின் கூடாரத்தில் வைத்துச் சிகிச்சையளிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். இத்தொண்டு முறைசார்ந்த கல்வியாகவும், அக்கல்வி நாடுவிட்டு நாடு செல்வதாகவும் மலர்வதற்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

நவீனச் செவிலியர் கல்வியின் தாய் எனப்படும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே அயல்நாட்டு மாணவிதான். 1851 இல் செர்மனியின் கைசர்சுவெர்த் என்னும் ஊரில் அவர் மூன்று திங்கள் பயின்றார். 1910 இல் அவர் மறைந்தபின், 1912 இல் அவ்வூருக்கு அண்மையிலுள்ள கொலோன் நகரில் பன்னாட்டுச் செவிலியர் மாநாடு கூடியது. அவருக்குச் சிலை எழுப்புவதினும் கல்வி அறக்கட்டளை நிறுவுவதே தக்க நினைவுச்சின்னம் என்று ஆங்கிலேயச் செவிலியர் தலைவி பெட்ஃபோர்டு ஃபென்விக் அங்கே எடுத்துரைத்தார். உலகப் போர் குறுக்கிட்டது. 1920 இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு, ஏற்கெனவே தகுதிபெற்ற பன்னாட்டுச் செவிலியர்க்கென இலண்டனில் பொதுச் சுகாதார மேற்படிப்பைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1934 இல் நைட்டிங்கேல் பெயரால் பன்னாட்டு அறக்கட்டளை உருப்பெற்றது.

'ஏற்கெனவே தகுதிபெற்ற' என்னும் அடைமொழியை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். வந்தவர்கள் வேலை தேடி வந்தவர்கள் அல்லர். கற்றதைத் தம் நாட்டில் பிறர்க்குக் கற்பிக்கும் பொருட்டு வந்தவர்கள். பரிமாற்றம் என்ற சொல்லுக்குப் பொருள் தருவது இத்திரும்பிச் செல்லலே என்பது எம் கருத்து.

அப்பொருள் எளிதில் திரிந்துபோகவும் கூடும். அமெரிக்கா 1948 இல் பரிமாற்ற வருகையாளர் திட்டத்தை வகுத்தது. அயல்நாட்டுச் செவிலியர் இரண்டாண்டு வரை அங்குள்ள மருத்துவமனைகளில் பணியாற்றிக்கொண்டே பயிலலாம். பின்னர் தாயகம் திரும்ப வேண்டும். 1956 முதல் 1969 வரை பிலிப்பைன்சிலிருந்து மட்டும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். ஆனால் மருத்துவமனைகள் பலவற்றுக்குத் தேவைப்பட்டவர்கள் மாணவியர் அல்லர். குறைந்த உதவித்தொகைக்கு முழுநேரப் பணியாற்றும் கைகளே. பாடம் சுருங்கிற்று, இரவுப்பணி நீண்டது. 1965 இல் குடியேற்றச் சட்டமும் தளர்ந்தபின், தங்கிவிட்டோர் பலர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. தாயகத்தில் கிடைத்த ஊதியம் அத்தகையது. வளர்ந்த நாடுகள் வறிய நாடுகளின் செவிலியரைக் கவர்ந்துகொள்வதை நெறிப்படுத்த உலகச் சுகாதார அமைப்பு 2010 இல்தான் நடைமுறைக் கோவை ஒன்றை ஏற்றது. அதுவும் நாடுகள் தம் விருப்பின்பேரில் பின்பற்றும் கோவையே.

மறுபுறம் திரும்பி வந்த ஒருவரையும் காண்போம். 1937 இல் ஹர்கீசாவில் பிறந்த சோமாலிய முஸ்லிம் பெண்மணி எட்னா ஆதன் இஸ்மாயில், 1954 இல் உதவித்தொகை பெற்றுப் பிரிட்டன் சென்றார். இவர் செல்லும்போது தகுதிபெற்றவர் அல்லர். அங்கேதான் செவிலியர் கல்வியும் மகப்பேற்றுக் கல்வியும் பெற்றார். 1961 இல் திரும்பியபோது, அந்நாட்டின் முதல் தகுதிபெற்ற செவிலியர்-மருத்துவச்சி அவரே. உலகச் சுகாதார அமைப்பில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்றபின், உள்நாட்டுப் போரில் சிதைந்த தம் ஊரில், குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில், தம் உடைமைகளை விற்று மகப்பேறு மருத்துவமனை எழுப்பினார். அது 2002 இல் திறக்கப்பெற்றது. பணியாற்றச் செவிலியர் கிடைக்காமையால், கட்டடம் எழும்பும்போதே பயிற்சி வகுப்பையும் தொடங்கிவிட்டார்! அங்குப் பயின்ற மருத்துவச்சிகள், மருத்துவர் எட்டாத சிற்றூர்களில் பிரசவம் பார்க்கச் சென்றனர். 2023 இல் அவருக்கு டெம்பிள்டன் பரிசு வழங்கப்பெற்றது.

2000 ஆம் ஆண்டு தொட்டு இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவரும் செவிலியரும் கற்பிப்பதற்காகச் சோமாலிலாந்துக்குப் பயணப்பட்டனர்.