உங்களுக்குத் தெரியுமா? தாராவியில் வீடு வீடாகப் போன டாக்டர்கள்

மும்பையின் குடிசைப் பகுதியான தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1. ஏறத்தாழ இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கானோர். பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பறைதான். 'தனித்திருங்கள்' என்று அங்கே யாரிடம் சொல்வது?

மும்பை மாநகராட்சி அக்கம்பக்கத்துத் தனியார் டாக்டர்களைக் கூட்டுச் சேர்த்தது. நல்ல யோசனை. காய்ச்சல் என்றால் தாராவிக்காரர்கள் முதலில் ஓடுவது தெருமுனை கிளினிக்குக்குத்தான். பாதுகாப்புக் கவச உடையை மாநகராட்சி கொடுத்தது. மாஹிம்–தாராவி மருத்துவர் சங்கத்தினர் சந்து சந்தாக ஏறி இறங்கி வெப்பநிலையும் ரத்த ஆக்சிஜன் அளவும் பார்த்தார்கள். ஏப்ரல் வெயிலில், காற்றுப் புகாத சந்துகளில் அந்த உடைக்குள் மூச்சு முட்டியது. சில நாள்களிலேயே முறை மாறியது: ஆங்காங்கே காய்ச்சல் முகாம்கள், பாரதிய ஜெயின் சங்கடனா என்ற தொண்டு அமைப்பின் நடமாடும் மருத்துவ வண்டிகள். மூடிக்கிடந்த தனியார் கிளினிக்குகளும் திறந்தன. சந்தேகத்துக்குரியவர்களை அவை மாநகராட்சிக்கு அனுப்பின. சாய் மருத்துவமனை என்ற தனியார் மருத்துவமனையையும் மாநகராட்சி சிகிச்சைக்காக எடுத்துக்கொண்டது.

ஜூலை 10 அன்று, தொற்றைக் கட்டுப்படுத்திய இடங்களாக இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியாவோடு தாராவியையும் குறிப்பிட்டார் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ்.