வெள்ளையாகிப் போன கறுப்புப் பூஞ்சை!



ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கேதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977-ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்கு அருகே வரும் காட்சியைக் காவலூர் விஞ்ஞானிகள் கவனித்துக் கொண்டிருந்தார்கள். எதிர்பாராத நேரத்தில் அந்த நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கியது. அலட்சியப்படுத்தாமல் அதைக் குறித்து வைத்தார்கள். வேறு நாடுகளில் பார்த்தவர்களும் இதையே கண்டிருந்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்ற உண்மை அப்படித்தான் வெளிவந்தது.

தொலைநோக்கியில் மட்டுமல்ல, நுண்ணோக்கியிலும் இப்படி ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. எங்கே தெரியுமா? ஜப்பானில்!

அங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து 'ஷோச்சு' என்ற மதுவைத் தயாரிக்கிறார்கள். மது உடலுக்குக் கேடு. அது நமக்கு வேண்டாம். ஆனால் அது உருவாகும் விதத்தில் நல்ல அறிவியல் பாடம் இருக்கிறது.

கிழங்கில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு அதை அப்படியே உண்ணத் தெரியாது. எனவே முதலில் 'கோஜி' என்ற பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. பிறகு ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. இதுதான் நொதித்தல். நம் வீட்டு இட்லி மாவு பொங்குவதும் நொதித்தலால்தான்.

ஜப்பானின் தென்பகுதி வெப்பமானது. கலவை சீக்கிரம் கெட்டுவிடும். கறுப்புக் கோஜி, எலுமிச்சையில் உள்ள அதே சிட்ரிக் அமிலத்தைச் சுரந்து கெட்ட கிருமிகளைத் தடுத்தது. ஆனால் ஒரு தொல்லை! அதன் கரிய வித்துகள் பறந்து, வேலையாட்களின் உடையெல்லாம் கறுப்பாகிவிடும்.

1920-களில், கவாச்சி கென்இச்சிரோ என்ற ஆய்வாளர் கறுப்புக் கோஜிக்கு நடுவே வெளிறிய நிறத்தில் சிறிது பூஞ்சையைக் கண்டார். ஏதோ அழுக்கு என்று தூக்கி எறியவில்லை. தனியே பிரித்து வளர்த்தார். என்ன ஆச்சரியம்! அதுவும் அமிலத்தைச் சுரந்தது. உடையை மட்டும் கறுப்பாக்கவில்லை!

நிறம் எப்படி மாறியது? ஒவ்வோர் உயிரின் செல்லிலும் மரபணு என்ற குறிப்பேடு உண்டு. செல் பிரியும்போது அது பிரதி எடுக்கப்படும். நீங்கள் பாடத்தைப் பார்த்து எழுதும்போது 'பால்' என்பதில் துணைக்கால் விடுபட்டால் 'பல்' ஆகிவிடும் அல்லவா? அதுபோன்ற பிழைதான் 'மரபணு மாற்றம்'. கறுப்பு நிறமியை உண்டாக்கும் மரபணு பழுதானது; அமிலம் தரும் மரபணுக்கள் அப்படியே இருந்தன. அந்த வெள்ளைக் கோஜி இன்றும் பயன்படுகிறது.

எல்லாப் பிழையும் நன்மை தராது. எல்லாப் பூஞ்சையும் நல்லதல்ல. கோஜியின் உறவினர் ஒன்று வேர்க்கடலையில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். ஆகவே, பூசணம் பிடித்த கடலையைச் சாப்பிடாதீர்கள்.

தோட்டத்தில் சிவப்புப் பூக்களுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைப் பூ தெரிந்தால், சற்று நின்று பாருங்கள். "ஏன்?" என்று கேளுங்கள். கவாச்சியும் காவலூர் விஞ்ஞானிகளும் அதைத்தானே செய்தார்கள்!