ஆழத்தில் யார் கணக்கு சரி?

கடலுக்கடியில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று டைவ் கம்ப்யூட்டரைக் கேட்டால் கம்பெனிக்கு ஒரு பதில் வருகிறது. வாங்கப் போகும் மும்பைவாசி எதை நம்புவது?

மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்துவிட்டால், வெள்ளிக்கிழமை இரவுகளில் தாதர் ரயில் நிலையத்தில் கொங்கண் ரயிலுக்குக் காத்திருப்பவர்களிடையே சில விசித்திரமான முதுகுப்பைகள் தென்படும். வாய் மூடாத பையிலிருந்து ரப்பர் துடுப்பு ஒன்று எட்டிப் பார்க்கும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்து, வங்கியிலோ சாப்ட்வேர் கம்பெனியிலோ வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. மும்பையின் மூன்று பக்கமும் கடல்தான். ஆனால் அந்தக் கலங்கல் தண்ணீரில் நீட்டிய கை தெரியாது. நகரத்து நீச்சல் குளத்தில் பாடம் முடித்தவர்கள், மீனையும் பவளத்தையும் பார்க்க மால்வண், கோவாவின் கிராண்டே தீவு, முருடேஸ்வரத்துக்கு எதிரேயுள்ள நேத்ராணி என்று தெற்கே போகிறார்கள். பணம் கூடுதலாக இருந்தால் அந்தமான், லட்சத்தீவு.

முதல் சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்த ஆசை, சொந்தமாக ஒரு டைவ் கம்ப்யூட்டர். கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. பின்லாந்தின் சூன்டோ, இத்தாலியின் கிரெஸ்ஸி, மாரெஸ், அமெரிக்காவின் ஓஷியானிக், கனடாவின் ஷியர்வாட்டர் என்று பெயர்கள் வரிசை கட்டுகின்றன. ஓட்டக்காரர்களுக்கான கடிகாரம் செய்துவந்த கார்மின் 2017-ல் இந்தச் சந்தையில் குதித்தது. 2022-ல் ஆப்பிளும் தன் அல்ட்ரா கடிகாரத்தை 40 மீட்டர் ஆழம் வரை கொண்டு போகலாம் என்று இறக்கியது. மலிவானதற்கும் உயர்ந்ததற்கும் விலையில் மூன்று, நான்கு மடங்கு வித்தியாசம். அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் குழப்பம்.

குழப்பம் தீர, இந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். சிலிண்டர் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழம் கூடக்கூட, அழுத்தத்தால் அது ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. நிதானமாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். அவசரமாக வந்தால்? கோலி சோடாவைப் பட்டென்று உடைத்தால் என்ன ஆகிறதோ, அது உடம்புக்குள் நடக்கும். மூட்டுகளில் கிளம்பும் குமிழ் வலியைத் தரும். முதுகுத்தண்டில் கிளம்பினால் கால் விளங்காமல் போகும். டைவர்கள் இதை ‘பெண்ட்ஸ்’ என்கிறார்கள்.

இதற்கு முதலில் கணக்குப் போட்டவர் ஜே.எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. பிரிட்டிஷ் கடற்படைக்காக வெள்ளாடுகளை அழுத்த அறையில் அடைத்துப் பரிசோதித்து, 1908-ல் அவரும் சகாக்களும் அட்டவணை வெளியிட்டார்கள். உடம்பை ஐந்து கற்பனைத் தொட்டிகளாக அவர் பிரித்தார். சில தொட்டிகள் நைட்ரஜனால் சீக்கிரம் நிறையும், சில மெதுவாக. சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பூல்மன் அதைப் பதினாறு தொட்டிகளாக்கினார். அவற்றில் வேகமானது 4 நிமிடத்தில் பாதி நிறையும்; மெதுவானதற்கு 635 நிமிடம் வேண்டும். 1983-ல் அமெரிக்காவில் ‘எட்ஜ்’ என்ற கருவி வந்த பிறகு, இந்தக் கணக்கைப் பிளாஸ்டிக் அட்டையில் தேடும் வேலையை மெல்ல மெல்ல எலக்ட்ரானிக்ஸ் எடுத்துக்கொண்டது.

ஆக, மணிக்கட்டில் இருப்பது அழுத்தத்தை அளக்கும் ஒரு சென்சாரும் ஒரு கடிகாரமும்தான். மீதியெல்லாம் ஊகம். கட்டியிருப்பவரின் ரத்தத்தை அது தொடுவதே இல்லை. வயது ஐம்பதா, தொப்பை உண்டா, முந்தின இரவு கோவாவில் என்ன குடித்தார், காலையில் தண்ணீர் குடித்தாரா - எதுவும் அதற்குத் தெரியாது. கம்பெனிக்குக் கம்பெனி ஊகம் மாறுவதால் பதிலும் மாறுகிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பும் இதே கதைதான். 18 மீட்டர் ஆழத்தில் படிப்படியாக நிறுத்தி வராமல் நேரே மேலே வரக்கூடிய உச்ச நேரம், அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணையில் 60 நிமிடம். உல்லாச டைவர்களுக்கான ‘பேடி’ அட்டவணையில் 56. 30 மீட்டருக்கு முன்னது 25 நிமிடம் என்றது, பின்னது 20.

இன்றைய கருவிகளில் ஓஷியானிக்கின் ஜியோ வரிசை தாராளப் பேர்வழி. பேடி அட்டவணைக்கு அடிப்படையான ஆய்வையே அதன் ‘டிசாட்’ முறை பின்பற்றுகிறது. போதாது என்று நினைப்பவர்களுக்கு, பூல்மன் வழியில் வந்த கெடுபிடியான இன்னொரு முறையும் அதே பெட்டிக்குள் இருக்கிறது, பட்டனில் மாற்றிக்கொள்ளலாம். சூன்டோவும் கிரெஸ்ஸியும் கண்டிப்பான வாத்தியார்கள். முதல் டைவில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி இறங்கினாலோ, முதலில் ஆழம் குறைவாகப் போய்ப் பிறகு அதிக ஆழம் போனாலோ, விறுவிறுவென்று மேலே ஏறினாலோ சூன்டோ அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த டைவில் நிமிடங்களைக் குறைக்கும். ஷியர்வாட்டரும் கார்மினும் பூல்மனின் பதினாறு தொட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதை வாங்குபவரிடமே விட்டுவிடுகின்றன. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலைகள். விஷயம் தெரிந்தவர்கள் சொந்தமாகவும் எண்களைப் போடலாம். அமெரிக்காவின் ‘ஸ்கூபா டைவிங்’ பத்திரிகை பல கருவிகளை ஒரே அழுத்த அறைக்குள் வைத்து, ஒரே விதமான டைவ்களுக்கு உட்படுத்தி ஒப்பிட்டு வந்திருக்கிறது. அங்கேயும் இரண்டாவது, மூன்றாவது டைவில்தான் கருவிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

தாராளமாக நேரம் தருவது நல்ல கருவி என்ற நினைப்பு டைவர்களிடையே பரவலாக இருக்கிறது. அப்படியல்ல. நாற்பதைத் தாண்டிய, வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆசாமிக்கு ஐந்து நிமிடம் குறைத்துக் கொடுக்கும் கருவி நண்பன்தான். அதே சமயம் கண்டிப்புக்கும் ஒரு விலை உண்டு. நிறுத்தி வரச் சொன்ன ஆழத்தை மதிக்காமல் மேலே வந்துவிட்டால் சூன்டோவின் சூப் போன்ற பழைய மாடல்கள் 48 மணி நேரத்துக்குக் கணக்குப் போட மறுத்துவிடும். நான்கு நாள் அந்தமான் பயணத்தில் இரண்டு நாள் போய்விட்டது என்று அர்த்தம். ஷியர்வாட்டர் அப்படிக் கதவடைப்பதில்லை. எச்சரித்துவிட்டுக் கணக்கைத் தொடரும்.

எந்தக் கம்பெனியும் தப்பே செய்யாது என்றும் சொல்ல முடியாது. ஊவாடெக் கம்பெனியின் ‘அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ்’ என்ற மாடலில் 1995-ல் ஒரு சாப்ட்வேர் பிழை. ஆக்ஸிஜன் கூடுதலான நைட்ராக்ஸ் கலவையில் டைவ் செய்தவர், தண்ணீருக்கு வெளியே படகில் உட்கார்ந்திருக்கும்போதும் அதையே சுவாசிப்பதாக அது நினைத்துக்கொண்டது. அதனால் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனைக் குறைத்துக் காட்டியது. அமெரிக்காவில் அது அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெறப்பட்டது 2003-ல்தான்.

கம்ப்யூட்டரே இல்லாமல் இதே கடலில் பிழைப்பு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தெரிந்துகொள்ள மும்பைத் தமிழர் தாராவியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. தொண்ணூறு அடி சாலையின் தமிழ்ச் சந்துகளில் பல குடும்பங்களின் பூர்வீகம் பழைய திருநெல்வேலி மாவட்டம். 1986 வரை தூத்துக்குடியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே சங்கு குளிப்பவர்கள் ஒரு காலத்தில் மூச்சை அடக்கி இறங்கினார்கள். மூச்சை அடக்கி ஓரிரு நிமிடம் போய் வருபவருக்குப் பெண்ட்ஸ் பயம் குறைவு. பிறகு படகில் கம்ப்ரஸர் ஏறியது. வாயில் ரப்பர் குழாய், மேலேயிருந்து காற்று. இப்போது பத்து, பதினைந்து மீட்டர் ஆழத்தில் மணிக்கணக்கில் இருக்கலாம். இருந்தால்தான் சங்கு சேரும். ஆனால் உல்லாசத்துக்கு இறங்குபவரின் கையில் இருக்கும் நைட்ரஜன் கணக்கு, கூலிக்கு இறங்குபவரிடம் கிடையாது. மூட்டு வலியை வேலை அலுப்பு என்று நினைத்து அவர் படுத்துவிடுவது சுலபம். கால் மரத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், மறுபடி அழுத்தத்தில் வைத்து ஆக்ஸிஜன் கொடுக்கும் அறை பக்கத்தில் இருக்க வேண்டும். மும்பையில் கொலாபாவின் ‘அஸ்வினி’ கடற்படை மருத்துவமனையில் அந்த வசதி உண்டு. மால்வணிலிருந்தே அது ஓர் இரவுப் பயணத் தூரம்.

கடைக்காரர் அடுக்கும் மற்ற அம்சங்களை வேகமாகத் தள்ளிவிடலாம். 80 மீட்டர் தாங்கும், 120 மீட்டர் தாங்கும் என்ற பெருமை வீண். உல்லாச டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். கலர் திரை அழகுக்கு மட்டுமல்ல - மழைக்குப் பிந்தைய கொங்கண் கடலின் மங்கலில், நாற்பது வயதுக் கண்ணுக்கு ஷியர்வாட்டர் பெரெக்ரின் போன்றவற்றின் பளிச்சென்ற எழுத்து பெரிய உதவி. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றை வயர் இல்லாமல் காட்டும் வசதி சுகமானது. ஆனால் பழைய முள் மீட்டரும் அதைத்தான் சொல்கிறது. பட்டன்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. கிரெஸ்ஸி லியோனார்டோவுக்கும் மாரெஸ் பக் புரோவுக்கும் ஒரே பட்டன். எதையாவது மாற்ற அதையே தட்டிக்கொண்டிருக்க வேண்டும். சூப் நோவோவுக்கு நான்கு. பெரெக்ரினுக்கு இரண்டு.

பேட்டரி விஷயத்தில் அலட்சியம் கூடாது. லியோனார்டோ, பக் புரோ, சூப் நோவோ ஆகியவற்றின் பட்டன் செல்லை வீட்டிலேயே மாற்றலாம். ஷியர்வாட்டர் பெர்டிக்ஸ், சுவர்க் கடிகாரத்தில் போடும் சாதாரண ‘ஏஏ’ செல்லில் ஓடும். பெரெக்ரினையும் கார்மினையும் ஆப்பிளையும் சார்ஜ் செய்ய வேண்டும். மின்சாரம் வந்து போகும் தீவுகளில் இது தலைவலி. கடிகார வடிவில் வந்த சில பழைய மாடல்களை சர்வீஸ் சென்டரில்தான் திறக்க வேண்டும். ரயில் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், தண்ணீர் புகாமல் காக்கும் அந்த ரப்பர் வளையம் கொஞ்சம் பிசகினால் அடுத்த டைவில் கருவிக்குள் கடல்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை விளம்பரங்கள் சொல்வதில்லை. இந்தக் கருவியைப் பங்கு போட முடியாது. காலையில் அண்ணன், மத்தியானம் தம்பி என்று கட்டிக்கொண்டால், தம்பியின் உடம்பில் அண்ணனின் நைட்ரஜன் இருப்பதாக அது எண்ணும். தம்பி காலையில் வேறொரு கருவியோடு இறங்கியிருந்தாலோ, அந்தக் கணக்கு இதற்குத் தெரியவே தெரியாது. பல் துலக்கும் பிரஷ் போல ஆளுக்கு ஒன்று. இருவர் சேர்ந்து போட்ட பணத்தில் ஒரு விலையுயர்ந்த ஷியர்வாட்டர் வாங்குவதைவிட, இரண்டு மலிவான கிரெஸ்ஸி வாங்குவது மேல். ஜோடியாக இறங்கும்போது யாருடைய கருவி முதலில் மேலே வரச் சொல்கிறதோ, இருவரும் அதன்படி வர வேண்டும்.

மால்வணில் சிந்துதுர்க் கோட்டையைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் ஒரே ஒரு தடவை இறங்குபவர் எதையும் வாங்க வேண்டாம். பேடி அட்டவணைப்படி அந்த ஆழத்தில் 219 நிமிடம் இருக்கலாம். சிலிண்டர் அதற்கு வெகு முன்பே காலியாகிவிடும். அந்தமானின் ஸ்வராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், 30 மீட்டரை நெருங்கும் பாறைகளைப் பார்க்கத் தினம் இரண்டு, மூன்று முறை நான்கு நாள் இறங்குபவர் கருவி இல்லாமல் படகேறக் கூடாது.

திரும்பி வரும் பயணத்திலும் கருவியின் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது. விமானத்தில் காற்றழுத்தம் குறைவதால், உடம்பில் எஞ்சிய நைட்ரஜன் குமிழாகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாட்கள் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டைவர்கள் பாதுகாப்பு அமைப்பான ‘டான்’ தரும் வழிகாட்டல். ஓஷியானிக் கருவிகள் எல்லோருக்கும் பொதுவாக 24 மணி நேரத்திலிருந்து குறைத்துக்கொண்டே வரும். சூன்டோ குறைந்தது 12 மணி நேரம் காட்டும். உடம்பில் பாக்கி அதிகமென்று கணக்கு சொன்னால் கூட்டும். அந்தமான் போகிறவர்கள் கடைசி நாளைச் செல்லுலார் சிறைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள்.

கோவாவிலிருந்தும் மால்வணிலிருந்தும் திரும்பும் மும்பைக்காரர் விமானம்தானே ஏறக் கூடாது என்று மாலையே பஸ் பிடித்துவிடுகிறார். டான் சொல்லும் நேரம் 600 மீட்டர் உயரத்திலிருந்தே பொருந்தும். கோலாப்பூர், புனே வழியாக வரும் பஸ்கள் சஹ்யாத்ரி மலையில் ஏறுகின்றன. அம்போலி கணவாய் சுமார் 700 மீட்டர். பெரும்பாலான கருவிகள் விமானப் படத்தைத்தான் காட்டுகின்றன, பஸ் படத்தை அல்ல. கொங்கண் ரயில்வே மலையேறாமல் கடலோரத் தாழ்நிலத்தை ஒட்டியே ஓடுகிறது. மாலையில் மட்காவ் விட்டுக் கிளம்பும் கொங்கண் கன்யா எக்ஸ்பிரஸில், மால்வணுக்குப் பக்கத்து ஸ்டேஷனான குடாளில் ஏறினால் விடியலில் தாதர். அங்கிருந்து மாட்டுங்கா ஒரே ஸ்டேஷன்.