எலிப்பொறிச் சுவர்

சுவருக்குள் பொந்து விட்டுக் கட்டினால் வீடு நிற்குமா? நிற்கும். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இப்படிப் பல வீடுகள் கட்டினார்.

வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைப்போம். இதில் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். நீளவாக்கில் இரண்டு கல், நடுவே இடைவெளி. அடுத்த கல் குறுக்கே. மேலிருந்து பார்த்தால் எலிப்பொறி போல இருக்கும். சுவர் அதே 9 அங்குலம்தான். 100 கல் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறைய 75 போதும். கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கு இது சின்ன மிச்சமா? உள்ளே நிற்கும் காற்று வெயில் சூட்டையும் குறைக்கும்.

ஆனால் அடி வரிசையிலும், ஜன்னலுக்குக் கீழும், கூரை உட்காரும் இடத்திலும் பொந்து கூடாது. அங்கே கெட்டியாகக் கட்ட வேண்டும். கல்லும் கோணல் இல்லாமல் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

பழகாத கொத்தனார் கலவையைப் பொந்துக்குள் கொட்டிவிடுவார். இடைவெளி மேல் பலகைத் துண்டை வைத்துக்கொண்டு கலவை போடச் சொல்லுங்கள்.