உங்களுக்குத் தெரியுமா? நின்ற விமானமும் வீசிய காற்றும்

● உலகின் முதல் விமானத்தின் கதை முடிந்தது வானத்தில் அல்ல, தரையில். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக்கில் ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்துவிட்டு, நிறுத்திய விமானத்தின் அருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வீசிய காற்று அதைத் தூக்கிப் புரட்டியது. பிடிக்க ஓடிய ஜான் டேனியல்ஸ் அதற்குள் சிக்கி உருண்டு காயப்பட்டார். முதல் பறப்பைப் படமெடுத்தவரும் அவரேதான். அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

● சிறு விமானத்தின் இறக்கை ஓரத்திலும் வாலிலும் கீல் வைத்த மடல்கள் உண்டு. இறக்கையில் இருப்பது எய்லரான், வாலில் படுத்திருப்பது எலிவேட்டர், நின்றிருப்பது சுக்கான். காற்று முன்பக்கமிருந்து வரும் என்று நம்பிச் செய்யப்பட்டவை இவை. பின்னாலிருந்து வீசினால் மடலின் விளிம்புக்குள் காற்று புகுந்து, அதைக் கடைசி எல்லைவரை தள்ளி அடிக்கும். இரவெல்லாம் அடித்தால் கீல் தளரும், கம்பிவடம் இழுபடும், மடலே வளையும். காலையில் பார்க்க விமானம் அப்படியே நிற்கும். கேடு உள்ளே இருக்கும்.

● மலேசியாவின் கெடா மாநிலத்தில் இந்தக் கவலை கற்பனை அல்ல. அலோர் ஸ்டார் விமான நிலையம் இருக்கும் கெப்பாளா பத்தாஸில்தான் மலேசிய விமானப்படைக் கல்லூரி இருக்கிறது. (பினாங்கிலும் ஒரு கெப்பாளா பத்தாஸ் உண்டு, வழி கேட்பவர்கள் எச்சரிக்கை!) லங்காவியின் பாடாங் மாட்சிராட்டில் விமானிப் பயிற்சிப் பள்ளி உண்டு, 1991 முதல் லீமா விமான, கடல்சார் கண்காட்சியும் அந்தத் தீவில்தான்.

● விடிகாலையில் பெரட்டுக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்து, அன்றைய பால்வெட்டையே நிறுத்திவிடும் மழைக்காற்றை ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். வானிலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'சுமத்ரா'. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு மேற்குக் கரையைத் தாக்கும் புயல்வரிசை இது. வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் கெடாவில் காற்று கிழக்கிலிருந்து வரும். சுமத்ரா வருவதோ மேற்கிலிருந்து. காற்று வரும் திசைக்கு மூக்கைக் காட்டி நிறுத்த வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் ஜனவரியில் சரியாக இருந்த திசை, ஜூன் மாத விடியற்காலையில் காற்றுக்கு வாலைக் காட்டி நிற்கும் திசையாகிவிடும். ஆகவே விமானத்தை முளையடித்துக் கயிற்றால் கட்டினால் மட்டும் போதாது, மடல்களையும் பூட்டியே ஆக வேண்டும்.

● காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். செஸ்னா 172 போன்ற சிறு விமானம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டு எழுகிறது. ஆளும் எண்ணெயும் இல்லாதபோது அதன் எடை ஏறக்குறைய 750 கிலோதான், ஒரு சிறிய காரைவிடக் குறைவு. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

● மணிலாக் கயிறு நனைந்தால் சுருங்கும். வெயிலில் இழுத்து முறுக்கிக் கட்டினால், மழையில் அதுவே இறக்கையை இழுத்து வருத்தும். ஓர் அங்குலம் தளர்வு விடுவது வழக்கம். நைலானுக்கு இந்தக் குணம் இல்லை. இன்னொன்று, மழையில் ஊறிய மண்ணில் முளைக்குச்சி நிற்காது. வயல்வெளிச் சீமையில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

● செஸ்னா 172-இன் பூட்டு என்பது வளைந்த ஒரு கம்பி, அதோடு ஒரு தகரக் கொடி. அவ்வளவுதான். விமானி பிடிக்கும் வீலின் தண்டில் உள்ள துளையில் செருகினால், எய்லரான்கள் நடுநிலையிலும் எலிவேட்டர் சற்றே கீழ்நோக்கியும் நின்றுவிடும். அப்படி வைத்தால் எதிர்காற்று மூக்கைத் தூக்காது. கெட்டித்தனம் கொடியில் இருக்கிறது. அது சாவித் துளையை மறைத்து நிற்பதால், பூட்டைக் கழற்றாமல் எஞ்சினைக் கிளப்பப் போனால் கையில் இடிக்கும். சுக்கானை இந்தக் கம்பி பிடிக்காது. பலத்த காற்று என்றால் அதற்கு வெளியே தனிப் பூட்டு போட வேண்டும்.

● பைப்பர் விமானங்களில் அதைவிட எளிய முறை: இருக்கை வாரை வீலில் சுற்றி இறுக்கிவிடுவது. விமானி வாரை மாட்டிக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் பூட்டை அவிழ்த்தாக வேண்டும். என்னைக் கேட்டால், காசு செலவில்லாத இந்த முறைக்குத்தான் முதல் பரிசு. தொலைந்துபோன பூட்டுக்குப் பதில் ஆணியோ போல்ட்டோ செருகுபவர்களும் உண்டு. அதில் கொடியும் இல்லை, கையில் இடிப்பதும் இல்லை. கண்ணுக்குப் படாத பூட்டைவிடப் பூட்டாமல் விடுவதே மேல்.

● ஏனென்றால் தரையில் காப்பாற்றும் பூட்டு வானத்தில் ஆளைக் கொல்லும். 1935 அக்டோபர் 30: அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம் பூட்டை விடுவிக்காமலே எழும்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்தது. ஓட்டிய மேஜர் பிளோயர் ஹில் இறந்தார். விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

● அடுத்த ஆண்டே, 1936 ஜூன் 3 அன்று, ஜெர்மன் விமானப்படையின் உயர் தளபதிகளில் ஒருவரான வால்டர் வேவர் டிரெஸ்டனில் தம் விமானத்தைத் தாமே ஓட்டிப் புறப்பட்டார். எய்லரான் பூட்டு கழற்றப்படவில்லை; விமானம் விழுந்து அவரும் மாண்டார். தளபதிக்கென்று காற்று தனிச் சலுகை தருவதில்லை.

● பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2014 மே 31 இரவு, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் பூட்டோடு ஓடி எழும்ப முடியாமல் எரிந்தது. 7 பேர் மாண்டனர். விமானிகள் இருவரும் அனுபவசாலிகள். புலனாய்வில் தெரியவந்தது: அந்த விமானத்தின் முந்தைய 175 புறப்பாடுகளில் 2 முறை மட்டுமே மடல்கள் முழுமையாகச் சோதிக்கப்பட்டிருந்தன! பூட்டு போட்டிருந்தால் எஞ்சின் விசையை ஏற்ற முடியாதபடி தடுக்க வேண்டிய அமைப்பும் போதிய அளவு தடுக்கவில்லை.



● டிசி-3 போன்ற பழைய பயணிகள் விமானங்களுக்குப் பூட்டு வெளியே: மடலைக் கவ்விப் பிடிக்கும் கட்டை, அதிலிருந்து தொங்கும் சிவப்பு நாடா. மலாயன் ஏர்வேஸ் இந்த விமானங்களை ஓட்டியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் சாவியில் இன்று பலர் மாட்டித் திரியும் 'பறக்கும் முன் அகற்று' நாடாவின் பூர்வீகம் இப்படிப்பட்டதுதான்.

● பூட்டைக் கழற்றியாயிற்று. மடல் சரியான பக்கம் அசைகிறதா? இரு கட்டை விரல்களையும் மேல்நோக்கி நிறுத்தி வீலைத் திருப்புங்கள். கட்டை விரல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ, அந்தப் பக்க எய்லரான் மேலே எழுந்திருக்க வேண்டும். எழவில்லையென்றால் எஞ்சினை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.