கைவிடப்பட்ட பண்ணைக் குடியிருப்புகள் சொல்லும் கதை

மாஹிம், மாதுங்கா பகுதிகளின் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் மேடாக்கப்பட்டு மனைகளாகிவிட்டதால், உழவர் குடியிருப்பின் தொல்லெச்சத்தைக் காண விரும்பும் மும்பைவாசி தக்காணத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே, புனே மாவட்டத்தின் ஷிரூர் வட்டத்தில், பீமாவின் துணையாறான கோட் ஆற்றங்கரையில் உள்ள இனாம்காவை, தொல்லியலாளர்கள் சங்காலியா, அன்சாரி, தவளிகர் ஆகியோரின் தலைமையில் டெக்கான் கல்லூரி 1968 முதல் 1983 வரை அகழ்ந்தது. கல்லாயுதங்களோடு செம்பையும் கையாண்ட காலத்தைச் செம்புக் கற்காலம் என்பர். அக்கால உழவர்கள் கி.மு. 1600 அளவில் இங்கே குடியேறி, கி.மு. 700 அளவில் ஊரை விட்டு நீங்கினர்.

கல் கட்டடம் எதுவும் எஞ்சாத இத்தகைய இடத்தில் வீடு என்பது பெரும்பாலும் தரைதான். சாணமும் களிமண்ணும் கொண்டு மெழுகிய தளம், அதன் ஓரமாக மரக்கம்பங்கள் நட்டு மக்கிய இடத்தில் மண்ணின் நிறம் மாறித் தெரியும் கம்பக்குழிகள், அடுப்பு, தானியம் சேமித்த குதிர்க்குழி ஆகியவற்றைக் கொண்டே சுவரின் போக்கையும் குடும்பத்தின் அளவையும் ஆய்வாளர் கணிக்கின்றனர். கரிந்த பார்லி மணிகள், பயறுகள், ஆடுமாட்டு எலும்புகள் ஆகியவை உணவைக் காட்டுகின்றன. வீட்டுத் தரைக்கடியில், வாயோடு வாய் சேர்த்த இரு தாழிகளில் குழந்தைகளையும், கணுக்காலுக்குக் கீழே பாதங்களை வெட்டிப் பெரியவர்களையும் புதைத்திருந்தனர். இறந்தவர் எழுந்து நடந்துவிடாதிருக்கவே இவ்வாறு செய்தனர் என்பது ஊகமே.

ஊர் ஒரே நாளில் வெறிச்சோடவில்லை என்பதே இந்த அகழாய்வின் மிகச் சிறந்த பாடம். கி.மு. 1400 முதல் 1000 வரை செவ்வக வீடுகளும், ஊர்த்தலைவனுடையதாகக் கருதப்படும் ஐந்து அறை வீடும், அதையொட்டிய தானியக் களஞ்சியமும், ஆற்று நீரைத் திருப்பிய கால்வாயும் இருந்தன. அதன்பின் வட்டக் குடிசைகளே மிஞ்சின. வேளாண்மை சுருங்கி, மேய்ச்சலும் வேட்டையும் பெருகின. மழை குறைந்ததே காரணம் என்று தவளிகர் கருதினார்; அக்குடிசைகளை அவர் அப்பகுதியின் நாடோடிகளான பான்சே பார்த்திகளின் குடிசைகளோடு ஒப்பிட்டார்.

இனாம்காவ் ஓர் ஊர்; அதன் அருகிலுள்ள வால்கி என்னும் இடமோ சில குடிசைகள் மட்டும் கொண்ட பண்ணைக் குடியிருப்பு. நல்ல கரிசல் வயலையொட்டி அமைந்த இந்த இடத்தையும் டெக்கான் கல்லூரி அகழ்ந்தது. அரண்மனையும் கோட்டையும் தேடுவோர் புறக்கணிக்கும் இத்தகைய சிறிய இடங்களே, உழுது உண்ட பெரும்பான்மை மக்களின் வாழ்க்கைக்கு நேரடிச் சான்றாகின்றன. ஆனால் இத்தகைய இடங்களில் மேடாகக் கிடக்கும், மராத்தி உழவர் பாண்டரி என்றழைக்கும் வெளுத்த, சாம்பல் கலந்த மண் நல்ல எருவாவதால், அதை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டும் வழக்கம் உண்டு. உடைந்த பானையோடுகள் கலந்த மண்ணைக் காண்போர், அள்ளுவதற்குமுன் வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பது நலம்.